ஐந்தாம் எண் மேல் ஃபோகஸ்

எங்கள் ஆபீசில் ஒரு நாளைக்கு ஃபோகஸ் என்ற சொல் எத்தனை முறை அடிபடுகிறது என்று, வேலை குறைவாக இருந்த ஒரு மத்தியானத்தில் எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று வரைக்கும்தான் எண்ண முடிந்தது. மேனேஜர் வந்து, "என்ன, ஃபோகஸ் இல்லாம உட்கார்ந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார். அதோடு நாற்பத்திரண்டு.

அவருக்கு அந்தச் சொல் உப்பு மாதிரி, எதிலும் போடுவார். வேலை முடியவில்லை என்றால் நமக்கு ஃபோகஸ் இல்லை. சொன்ன நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டால் ஃபோகஸ் இல்லாமல் முடித்திருக்கிறோம். என் மகளின் ரிப்போர்ட்டிலும் டீச்சர் "ஃபோகஸ் தேவை" என்று எழுதி அனுப்புகிறார். என் வீட்டுக்காரரோ கண் டாக்டரிடம் போய்வந்து, தனக்குக் கிட்டத்து ஃபோகஸ் போய்விட்டது என்று செய்தித்தாளை ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொல்கிறார். கவனம் என்று ஒரு சொல் இருக்கிறது, குவியம் என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் ஒரே சொல்லை வைத்து ஊரிலிருக்கிற எல்லோரையும் குறை சொல்லும் வசதி அவற்றில் இல்லை போலிருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு வேலைக்கே ஃபோகஸ் குரூப் என்று பெயர். ஒரு கம்பெனி புதிதாக ஒரு பொருளைக் கொண்டுவரப் போகிறது என்றால், அதைப் பயன்படுத்தக்கூடிய எட்டுப் பேரைப் பிடித்து, ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, பிஸ்கட் கொடுத்து இரண்டு மணி நேரம் பேசவிடுவோம். பேச்சை நடத்துவதற்கு ஒரு பெண்மணி இருக்கிறார். சுவரிடம் கேட்டால்கூடப் பதில் வாங்கிவிடுவார், அதனால் அவருக்கு எங்களிடையே கேள்வி அக்கா என்று பெயர். அந்த அறையின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு அதில் தங்கள் முகம் தெரியும். எங்களுக்கு, கண்ணாடியின் இந்தப் பக்கம் இருட்டறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு, அவர்கள் தெரிவார்கள். இப்படி நாங்கள் பார்ப்போம் என்று எட்டுப் பேரிடமும் முன்கூட்டியே சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். கையெழுத்துப் போட்ட அடுத்த நிமிடமே மறந்துவிட்டுக் கண்ணாடியின் முன் நின்று பல்லிடுக்கைப் பார்ப்பார்கள்.

அந்த அறை ஊரின் இன்னொரு பக்கம், நான் வழக்கமாக அங்கே போகிற ஆள் இல்லை. ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசியதைப் பட்டியலாக்குவதுதான் என் வேலை. அன்றைக்குக் குறிப்பெடுக்கிற பெண் வரவில்லை, குழந்தைக்குக் காய்ச்சல். "இன்னைக்கு மட்டும் நீங்க போங்க, ஃபோகஸா கவனிங்க" என்று மேனேஜர் என்னை அனுப்பிவிட்டார். பேசுவதை டைப் செய்ய வேண்டும், கேமராவைத் திருப்ப வேண்டும், வந்திருக்கும் கம்பெனிக்காரர்கள் ஏதாவது கேட்கச் சொன்னால் அதைக் கேள்வி அக்கா முன்னால் இருக்கும் சின்னத் திரைக்கு எழுதி அனுப்ப வேண்டும். இன்னொன்றும் உண்டு. உள்ளே வருகிற எட்டுப் பேரில் நமக்குத் தெரிந்தவரோ உறவோ இருந்தால் அந்த நிமிடமே சொல்லி அவரை அனுப்பிவிட வேண்டும். அதற்கும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அன்றைய பொருள் மெத்தை. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே கட்டிலில் படுக்கிற கணவனோ மனைவியோதான் வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. ஆள் பிடிப்பதற்கு எங்களிடம் ஒருவர் இருக்கிறார், பெயர் வலைவீசி. பூங்கா, நூலகம், ஆஸ்பத்திரி வரிசை என்று எங்கேயும் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். தகுதி உண்டா என்று பத்துக் கேள்வி கேட்பார். ஒரு பதில் ஒத்துவராவிட்டாலும் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார்.

மூன்று மணிக்கு உள் அறைக் கதவு திறந்தது. ஏழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். கடைசியாக ஒரு பெரியவர் சட்டைப் பையில் ஐந்து என்று எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டு வந்தார். நேரே கண்ணாடியிடம் நடந்துவந்து, காலரைச் சரிசெய்துகொண்டு, பக்கவாட்டில் கலைந்திருந்த முடியை உள்ளங்கையால் அழுத்திவிட்டார்.

அவர் என் அப்பா.

இரண்டடி தூரம்கூட இருக்காது. என்னை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் பார்க்கவில்லை. மோவாயின் கீழே சரியாக மழிக்காத இடம் ஒன்று இருந்தது. கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியிருந்தது. என் வீட்டிலேயே இருக்கிற மனுஷர், காலையிலும் மாலையிலும் நான் டீ கொடுக்கிற மனுஷர். இந்த முகத்தை இவ்வளவு நேரம் தொடர்ந்து நான் பார்த்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், மறைக்க விரும்பவில்லை. நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இங்கே என்ன வேலை? அடுத்ததாக வந்தது பயம். முப்பது வருடக் கட்டில், கணவன் மனைவி இருவரும் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அம்மா இறந்து பதினாலு மாதம் ஆகிறது. உங்கள் வீட்டில் யாராவது இந்த மாதிரி ஆராய்ச்சி வேலையில் இருக்கிறார்களா என்பதும் பத்துக் கேள்வியில் ஒன்று. அப்படியானால் என் அப்பா இரண்டு பொய் சொல்லியிருக்கிறார்.

அப்பாவைத் தெரியாதவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. அவர் முப்பத்துநாலு வருடம் எடை அளவு இன்ஸ்பெக்டராக இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசும் படிக்கல்லும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. பத்து கிராம் குறைகிறது என்று சொந்த மச்சான் கடைத் தராசுக்கே சீல் வைத்தவர். மாமா இரண்டு வருடம் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூது போய் ஓய்ந்துபோனாள். வீட்டிலும் அப்படித்தான். ஸ்கூலுக்கு மட்டம் போட்டால் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதித் தரமாட்டார், "இவளுக்கு இன்று வர விருப்பமில்லை" என்று எழுதித் தருவார்.

நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். என் பக்கத்தில் மெத்தைக் கம்பெனி மேடமும் அவரோடு வந்த இன்ஜினியரும் உட்கார்ந்திருந்தார்கள். "மேடம், ஐந்தாம் எண் எங்கப்பா" என்று ஒரே ஒரு வாக்கியம். அப்புறம் யாராவது உள்ளே போய், ஏழு பேர் பார்க்க, "சார், கொஞ்சம் வெளியே வாங்க" என்று அவரைக் கூப்பிடுவார்கள். பொய் சொல்லி அகப்பட்ட ஆளாக அவர் எழுந்து நடந்து போவதை நான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாய் வரைக்கும் வந்ததை மென்று விழுங்கிவிட்டேன்.

கேள்வி அக்கா எல்லோரையும் அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார். அப்பாவின் முறை வந்தது. "ரிட்டையர்ட் ஆளுங்க. நானும் வீட்டுக்காரியும் பொண்ணு வீட்டுல இருக்கோம்" என்றார். குரலில் ஒரு பிசிறும் இல்லை. நான் அதை அப்படியே டைப் செய்தேன்.

அடுத்த கேள்வி, யார் எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், ஏன் என்பது. இரண்டாம் எண் அம்மாள், தன் கணவர் விடுகிற குறட்டையில் எந்தப் பக்கம் படுத்தாலும் ஒன்றுதான் என்றார். ஏழாம் எண்காரர் பஸ் டிரைவர், வலது பக்கம் படுத்தால் பிரேக் மிதிக்கிற கால் வெளியே நீட்ட வசதி என்றார். அறை கலகலத்தது. அப்பாவும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரிக்கும்போது தோள் குலுங்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"நான் கதவுப் பக்கம், அவ சுவத்துப் பக்கம்" என்றார் அப்பா. கல்யாணமான புதிதில் மாறித்தான் படுத்தார்களாம். பெண் பிறந்த பிறகு, அது இரவில் எழுந்து அழுதுகொண்டே வந்து கதவுப் பக்கம் யார் படுத்திருக்கிறார்களோ அவர்களைத்தான் உலுக்குமாம். அம்மாவுக்கு ஒருமுறை விழிப்பு வந்தால் மறுபடி தூக்கம் பிடிக்காது. அதனால் இடம் மாறிக்கொண்டார்கள். பெண் வளர்ந்து, படித்து, கல்யாணமாகிப் போன பிறகும் மாறவில்லை. "பழக்கமாயிடுச்சு" என்றார்.

அந்தப் பெண் நான். என்னால்தான் அவர்கள் பக்கம் மாறினார்கள் என்பது எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் தெரியாது.

மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெத்தை எங்கே தேய்கிறது என்று கேள்வி அக்கா கேட்டபோது, எல்லோரும் நடுவில், ஓரத்தில் என்று கையை ஆட்டினார்கள். அப்பா, "என் பக்கம் ஆறு சென்டிமீட்டர் பள்ளம். அவ பக்கம் நாலு" என்றார். நூல் கட்டி, ஸ்கேல் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை அளப்பாராம். அம்மா அதற்குக் கேலி செய்வாளாம், மெத்தைக்கும் சீல் வைக்கப் போறீங்களா என்று. இன்ஜினியர் சந்தோஷத்தில் என் முதுகிலேயே தட்டியிருப்பார், நல்லவேளை நடுவில் மேடம் இருந்தார்.

"இவர்தாங்க நமக்கு வேணும்" என்றார் மேடம். "அஞ்சாம் நம்பர் மேல ஃபோகஸ் பண்ணச் சொல்லுங்க. கேமராவையும் திருப்புங்க."

திருப்பினேன். திரையில் அப்பாவின் முகம் முதலில் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. சின்னத் திரைக்கு, "ஐந்தாம் எண் மேல் ஃபோகஸ் செய்யவும்" என்று என் கையாலேயே எழுதி அனுப்பினேன். கேள்வி அக்கா ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை அப்பா பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு அவர் கேட்கக் கேட்க அப்பா சொல்லிக்கொண்டே போனார். அம்மாவுக்கு இடுப்பு வலி வந்த கதை, ஒருக்களித்துப் படுக்கும்போது அவள் முதுகுக்கும் மெத்தைக்கும் நடுவே தன் கையைக் கொடுத்துப் புரள வைத்தது, கை மரத்துப்போனாலும் எடுக்காமல் இருந்தது. எல்லாவற்றையும் நிகழ்காலத்தில் சொன்னார். "எடுத்தா முழிச்சிக்குவா" என்றார். அந்தக் கட்டிலை வாங்கின நாளைப் பற்றியும் ஆரம்பித்தார், "அப்ப அவளுக்கு இருபது வயசு" என்று. நேரமாகிறது, இடுப்பு வலியையே கேட்கச் சொல்லுங்கள் என்றார் மேடம். நான் எழுதி அனுப்பினேன். கதை பாதியில் நின்றது.

அந்தக் கட்டிலைப் பற்றி நான் ஒன்று சொல்லிவிட வேண்டும். அம்மா போன மூன்றாவது வாரம் அதை ஒரு முதியோர் விடுதிக்கு அனுப்பிவிட்டேன், மெத்தையோடு. அப்பாவைக் கேட்கவில்லை. கண்ணில் பட்டால் நினைப்பு வரும், பாவம், மனுஷர் இடிந்துபோவார் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவருக்கு ஒற்றைக் கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டேன். அதற்குப் பிறகு அவர், "உங்கம்மா இருந்தப்ப" என்று தொடங்கும்போதெல்லாம் எனக்கு அடுப்பில் ஏதாவது தீய்ந்துகொண்டிருக்கும், அல்லது மகளின் வீட்டுப்பாடம் நினைவுக்கு வரும். எழுந்துவிடுவேன். நாலைந்து மாதத்தில் அவர் தொடங்குவதையே விட்டுவிட்டார். அப்பா தேறிவிட்டார் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெட்கம் கெட்டுப்போய் அதைப் பெருமையாகவே சொன்னேன்.

நாலரை மணிக்கு மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொருவரும் இப்போதே வீட்டுக்கு ஃபோன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "நம்ம படுக்கையில ஒண்ணை மாத்தலாம்னா எதை மாத்துவே?" என்று கேட்க வேண்டும். இரண்டு பேரும் சொல்வது ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம்.

"நேரம் ஆயிடும் மேடம்" என்றேன்.

"அஞ்சாம் நம்பர் வீட்டம்மா என்ன சொல்றாங்கன்னு நான் கேட்டே ஆகணும். எழுதுங்க" என்றார்.

இந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வேலை போகும் என்ற பயம் பாதி, எப்படியாவது தப்பித்துவிடுவார் என்ற நப்பாசை பாதி. எழுதி அனுப்பிவிட்டேன்.

உள்ளே ஒரே கூத்தாக இருந்தது. குறட்டைக்காரர் ஃபோனை எடுத்ததும் எடுக்காததுமாக, "கட்டிலை மாத்த வேணாம், ஆளை மாத்து" என்று கத்தினார். இரண்டாம் எண் அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று பேசி முடித்தது, நான்கும் முடித்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா ஃபோனை எடுத்துக் கையில் திருப்பிப் பார்த்தார். பிறகு ஏதோ அழுத்தினார். ஸ்பீக்கரில் மணி அடிப்பது கேட்டது.

என் மடியில் வைத்திருந்த ஃபோன் சத்தமில்லாமல் அதிர்ந்தது. அப்பா என்று திரையில் வந்தது.

எடுத்தால் என் குரல் அந்த அறையில் கேட்கும், அங்கிருந்து எங்கள் இருட்டறை ஸ்பீக்கரிலும் கேட்கும். எடுக்காவிட்டால் அவர் தப்பித்துக்கொள்வார். வேலை நேரத்தில் நான் அவருடைய ஃபோனை எடுக்கமாட்டேன் என்று அவருக்கே தெரியும். ஃபோனைக் கவிழ்த்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டேன். உள்ளங்கைக்கு அடியில் அது அடித்து அடித்து ஓய்ந்தது.

"எடுக்கல" என்றார் அப்பா.

"பரவாயில்லங்கய்யா" என்றார் கேள்வி அக்கா, நல்ல மனுஷி. "அம்மா என்ன சொல்லுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுங்க, அம்மா சொன்னதா எழுதிக்கறேன்."

அவ்வளவுதான். ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டால் ஆறாம் எண்ணிடம் போய்விடுவார்கள். நான் மூச்சை விட்டேன். ஆனால் அப்பா எழுந்து நின்றார். ஆபீசில் மேலதிகாரி முன்னால் நிற்பது போல இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம்மா. அவ சொல்லாததை அவ சொன்னதா எழுதாதீங்க. அவ இல்ல. தவறிப்போய் பதினாலு மாசம் ஆச்சு."

கேள்வி அக்கா எழுதுவதை நிறுத்தினார்.

"இப்ப கூப்பிட்டது என் பொண்ணை. வேற யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல" என்றார். "மன்னிக்கணும். பொய் சொல்லித்தான் வந்தேன். அன்னைக்கு லைப்ரரியில உங்க ஆள் வந்து, உங்க வீட்டம்மா எந்தப் பக்கம் படுப்பாங்கன்னு கேட்டார். எப்படிப் போனாங்கன்னு கேக்க நிறைய பேர் வந்தாங்க. எப்படி இருந்தாங்கன்னு கேட்டவர் அவர் ஒருத்தர்தான். இல்லன்னு சொன்னா அடுத்த கேள்வி வராது. அதனால இருக்கான்னுட்டேன்."

இரண்டாம் எண் அம்மாள்தான் பேசினார், மெதுவாக. வீட்டில் இதெல்லாம் பேசமாட்டீர்களா என்று கேட்டார்.

"பொண்ணு இருக்கா. தங்கமான பொண்ணு. அம்மா பேச்சை எடுத்தா எழுந்து போயிடுவா, தாங்காது அவளுக்கு. அவளைக் கஷ்டப்படுத்திட்டு நான் பேசி என்ன ஆகப்போகுது?" என்றார். பிறகு அட்டையைச் சட்டையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். "நான் சொன்னது எல்லாத்தையும் அடிச்சிடுங்க. கணக்குல வரக் கூடாது."

நான் அவரைப் பாதுகாப்பதாக நினைத்து எழுந்து போய்க்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பாதுகாப்பதாக நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தார். அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச ஆளில்லாமல் கிடந்திருக்கிறாள். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. தங்கமான பெண்ணாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அப்பா ஃபோனைக் கையால் அமுக்கிப் பிடித்த தங்கம்.

மேடம் பேனாவை நோட்டில் போட்டார். "சே, எல்லாம் வேஸ்ட். அஞ்சாம் நம்பரை மொத்தமா எடுத்திடுங்க. கேமராவைத் திருப்புங்க." அவரைக் குறை சொல்ல முடியாது. உயிரோடு இருக்கிற இருவர் படுக்கிற மெத்தையைத்தான் அவர் விற்க வேண்டும்.

ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் வைத்தேன்.

"மேடம், அவர் எங்கப்பா. உள்ள வந்தப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல, தப்பு என்னோடது" என்றேன். அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் நின்று கேட்கவில்லை. மறுநாள் மேனேஜர் கொடுத்த கடிதத்தில் எல்லாம் விவரமாக இருந்தது. மூன்று மாதத்துக்கு வெளிவேலை கிடையாது, சம்பள உயர்வும் கிடையாது. வேலை போகவில்லை. அவ்வளவோடு விட்டாரே என்று நினைத்துக்கொண்டேன்.

கேள்வி அக்கா அப்பாவை வெளியே அழைத்துவந்து, நடைக்கோடியில் ஜன்னலுக்கடியில் இருந்த நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா கையில் தண்ணீர் பாட்டில், மூடியைத் திறக்காமல் வைத்திருந்தார். என் செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், என்னைக் கண்டதும் குழம்பிப்போய்த் தன் ஃபோனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"நீ எங்கம்மா இங்க?"

"கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தேன்ப்பா. மூணு மணியிலேருந்து."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்துவிட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாயா என்று கேட்பார் என்று நினைத்தேன். "உனக்கு வேலையில ஏதாவது பிரச்சினை ஆயிடுமா?" என்றுதான் கேட்டார்.

ஆகும், ஆனால் ஆகட்டும் என்றேன். கையைப் பிடித்து உட்காரவைத்து, பக்கத்து நாற்காலியில் நானும் உட்கார்ந்தேன். கட்டிலைக் கொடுத்திருக்கக் கூடாது, உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று சொன்னேன். அதற்கு அவர், "நீ என் நல்லதுக்குத்தானம்மா செஞ்சே" என்றார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. "உங்க நல்லதுக்கு இல்லப்பா. எனக்கு அதைப் பார்க்க முடியல. அம்மாவைப் பத்தி நீங்க பேசினா எனக்கு அழுகை வரும், அழறது பிடிக்கல. அதுக்காக உங்க வாயைக் கட்டிட்டேன்."

அவர் பாட்டில் மூடியைத் திருகினார், திறந்தார், குடிக்காமல் மூடினார். உள்ளே யாரோ சிரிப்பது கதவு வழியாக மங்கலாகக் கேட்டது. ஏழு பேரை வைத்துக்கொண்டு கேள்வி அக்கா மறுபடி ஆரம்பித்துவிட்டார் போலிருக்கிறது.

"கட்டில் வாங்கின நாளைப் பத்திச் சொல்ல வந்தீங்களே" என்றேன். "பாதியில நிறுத்தச் சொல்லி எழுதினது நான்தான். இப்ப சொல்லுங்க."

"இப்ப எதுக்கு அதெல்லாம்."

"எனக்குத் தெரியணும்ப்பா."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். ஒரு வாடகை அறையில் முதல் மூன்று மாதம் தரையில்தான் படுத்தார்களாம். கட்டில் வந்த அன்றைக்கு மாடிப்படித் திருப்பத்தில் அது சிக்கிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றுவிட்டதாம். அம்மா மேல் பக்கம், அப்பா கீழ்ப் பக்கம், நடுவில் கட்டில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்களாம். "உங்கம்மா அங்கேருந்து சொல்றா, நீங்க அளந்துதானே வாங்கினீங்க, உங்க அளவு லட்சணம் இதுதானான்னு."

அம்மா அதை எந்தக் குரலில் சொல்லியிருப்பாள் என்று எனக்கு அப்படியே கேட்டது. சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அப்பா சட்டென்று நிறுத்திவிட்டார். பதினாலு மாதத்தில் நான் அவரை அப்படிப் பழக்கிவைத்திருக்கிறேன். "சரி, சரி, விடும்மா" என்று எழுவதற்கு நாற்காலிக் கையைப் பிடித்தார்.

"நிறுத்தாதீங்க" என்றேன். "நான் அழுவேன்ப்பா. அழுதுக்கிட்டே கேப்பேன். நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க."

அவர் என்னையே பார்த்தார். இவள் எழுந்து போகப் போகிறாளா என்று பார்க்கிறார், எனக்குத் தெரிந்தது. நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். நாற்காலிக் கையிலிருந்து அவர் பிடி தளர்ந்தது.

"கட்டில்ல படுத்த மொத ராத்திரி அது லேசா குலுங்கினப்பதான் எனக்கே தெரிஞ்சுது" என்றார். "உங்கம்மாவுக்குத் தூக்கத்துல சிரிக்கிற பழக்கம் உண்டு."